ஒன்றேகால் டாலர் கணக்கு

நியூ ஜெர்ஸியின் எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிடத் தூரத்தில் ஒரு டாலர் கடை இருக்கிறது. ஊரிலிருந்து வந்த இரண்டாவது வாரம் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நாத்தனார்கள் மூன்று பேர், மாடி வீட்டு டீச்சர், பால்காரர் பேத்தி, பெருமாள் கோயில் பட்டர் வீடு என்று மன்னார்குடிக்குத் திரும்பும்போது யார் யாருக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியல் அது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவள் பாத்திரம் கழுவுகிற சோப்புப் புட்டி ஒன்றை எடுத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கவிழ்த்து அடியையும் பார்த்தாள்.

"இதுல எம்.ஆர்.பி. எங்கடி போட்டிருக்கான்?"

"இங்க அதெல்லாம் கிடையாதும்மா. எல்லாமே ஒன்றேகால் டாலர்."

"அது இவன் சொல்ற விலை. அசல் விலை என்ன?"

பதினைந்து வருடமாக அமெரிக்காவில் கடைக்குப் போகிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. டாலர் கடையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தொடக்கமும் இல்லை.

நம் ஊரில் பொட்டலத்தின்மேல் அதிகபட்ச விலை அச்சாகியிருக்கும். கடைக்காரர் அதற்குக் குறைத்துக் கொடுத்தால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அப்படி அச்சடிக்கும் சட்டம் இல்லை. ஒரே சோப்புக்கு ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் வேறு விலை. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரியும் சேராது. நியூ ஜெர்ஸியில் வரி 6.625 சதவீதம் என்பதால் ஒன்றேகால் டாலர் சோப்பு கல்லாவில் 1.33 ஆகிறது. சமைக்காத உணவுப் பொருட்களுக்கும் பெரும்பாலான துணிமணிகளுக்கும் இங்கே வரி கிடையாது. பக்கத்து டெலவேரில் எதற்குமே விற்பனை வரி இல்லை. ஆக, மலிவா இல்லையா என்று சொல்லப் பொட்டலமும் உதவாது, விலைச்சீட்டும் முழுதாக உதவாது. அந்த இடத்தில்தான் 'எல்லாம் ஒரே விலை' என்ற பலகை வந்து நம் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதுபோல நிற்கிறது.

இந்தப் பலகைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். ஃபிராங்க் வூல்வொர்த் என்பவர் 1879-இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று ஒரு கடை போட்டார். சில மாதங்களில் அது படுத்துவிட்டது. அதே வருடம் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் மறுபடி திறந்தார், அது பிடித்துக்கொண்டது. பிறகு பத்து சென்ட் பொருட்களும் சேர்ந்தன. அதுவரை பல கடைகளில் சரக்கு விற்பனையாளரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பார், விலையும் அவர் வாயில்தான். வூல்வொர்த் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, தொட்டுப் பார்க்க விட்டார். ஐந்து சென்ட்டும் பத்து சென்ட்டுமாகச் சேர்த்த பணத்தில் 1913-இல் நியூயார்க்கில் அவர் எழுப்பிய கட்டடம் அன்று உலகிலேயே உயரமானது. 1930-களில் அந்த நிறுவனம் தன் விலை வரம்பைக் கைவிட்டது. 1997-இல் அமெரிக்காவில் எஞ்சியிருந்த அதன் மலிவு விலைக் கடைகளையும் மூடியது.

இன்றைய டாலர் கடைகளை ஒரே குடும்பம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பெயர் பார்த்து ஏமாறக்கூடாது. டாலர் ஜெனரல், கென்டக்கி மாநிலத்தில் டர்னர் என்ற தந்தையும் மகனும் 1939-இல் தொடங்கிய வியாபாரத்திலிருந்து வந்தது. 1955-இல் எந்தப் பொருளும் ஒரு டாலரைத் தாண்டாது என்று முதல் கடையைத் திறந்தார்கள். இப்போது அதற்கு 20,000-க்கும் மேல் கடைகள். பெயரில் மட்டும்தான் டாலர், உள்ளே விலை இரண்டும் இருக்கும், இருபதும் இருக்கும். டாலர் ட்ரீ 1986-இல் 'ஒன்லி ஒன் டாலர்' என்ற பெயரில் ஆரம்பித்து, சொன்ன சொல்லை முப்பத்தைந்து வருடம் காப்பாற்றியது. 2021-இல்தான் ஒன்றேகாலுக்கு நகர்ந்தது. இப்போது மூன்று, ஐந்து, ஏழு டாலர் பொருட்களும் உள்ளே வந்துவிட்டன. மூன்றாவது, 1959-இல் வட கரோலினாவில் தொடங்கிய ஃபேமிலி டாலர். அதை 2015-இல் டாலர் ட்ரீ 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2025-இல் ஏறக்குறைய 100 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது. மலிவுக் கடையே மலிவு விலைக்குப் போன கதை அது.

ஒரே விலை என்ற உத்தி வாங்குபவர் மனதில் என்ன செய்கிறது என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸின் டேவிட் கோல்ட் நல்ல சாட்சி. சாராயக் கடை வைத்திருந்தவர். வெவ்வேறு விலையில் ஒயின் விற்றபோது, 99 சென்ட் என்று எழுதிய புட்டிகள் மட்டும் வேகமாகப் போவதைக் கவனித்தார். 79 சென்ட்டுக்கு இருந்த ஒயினையும் 99-க்கு ஏற்றி வைத்தால் கூடுதலாக விற்றதாம். அந்த அனுபவத்தை வைத்து 1982-இல் '99 சென்ட்ஸ் ஒன்லி' கடையைத் திறந்தார். 2024-இல் அந்த நிறுவனம் 371 கடைகளையும் மூடியது. விலைவாசி ஏறிக்கொண்டே போகும் நாட்டில் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை.

சரி, விலையை ஏற்ற முடியாத கடை எதை மாற்றும்? அளவை. அம்மா அந்தச் சோப்பைக் கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததும் அதைத்தான். புட்டியில் 8 அவுன்ஸ் என்று போட்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் 28 அவுன்ஸ் புட்டி மூன்றரை டாலர். அங்கே விலைச்சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் அவுன்ஸ் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பலர் அதைப் பார்ப்பதில்லை. அவுன்ஸ் பன்னிரண்டரை சென்ட் என்றிருந்தது. டாலர் கடையில் கணக்குப் போட்டால் பதினைந்தரைக்கும் மேல். மளிகைக் கடையில் நூறு கிராம் என்ன விலை, கால் கிலோ என்ன விலை என்று கேட்டே ஐம்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதற்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

பால் கணக்கு இன்னும் மோசம். டாலர் கடைக் குளிர்பெட்டியில் 16 அவுன்ஸ் பால் டப்பா ஒன்றேகால் டாலர் என்றால், எட்டு டப்பா சேர்ந்தால்தான் ஒரு கேலன். அதாவது கேலன் பத்து டாலர். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கேலன் நாலு டாலர் சுற்றில் கிடைக்கும். அலுமினியத் தாள், குப்பைப் பை, சர்க்கரை, மாவு, துணி துவைக்கும் திரவம் எல்லாவற்றிலும் இதே சங்கதிதான். தெரிந்த பிராண்டின் பெயரே இருக்கும். ஆனால் அந்த அளவுப் பொட்டலத்தை வேறு கடையில் பார்க்க முடியாது. இந்த வகைக் கடைகளுக்கென்றே கம்பெனிகள் தனி அளவில் கட்டிக் கொடுக்கின்றன. அலுமினியத் தாள் வாங்குவதென்றால் பெட்டியில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். டிஷ்யூ என்றால் எத்தனை தாள், குப்பைப் பை என்றால் எத்தனை பை. முன்பக்கப் படத்தை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம்.

ஷாம்பூவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வித்தையில் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் முன்னோடி என்பது நமக்குத் தெரியும். நம் ஊர் பாக்கெட்டில் ஒரு வேடிக்கை உண்டு: பல சமயம் புட்டியைவிடப் பாக்கெட்டில்தான் மில்லி கணக்குக்கு மலிவு. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா வருகிறவர்கள் சின்னதாக வாங்கினால் சிக்கனம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அது தலைகீழ்.

அப்படியானால் டாலர் கடையில் வாங்கவே கூடாதா? அம்மா அப்படி நினைக்கவில்லை. சோப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடி தொங்கிய கம்பிக்குப் போனாள். எழுத்துப் படிக்கிற கண்ணாடி இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று பவர் ஒட்டியிருக்கும். மருந்துக் கடையில் அதையே பதினைந்து இருபது டாலருக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிதறல் பார்வை (அஸ்டிக்மேட்டிசம்) கிடையாது என்பவர்களுக்கு இது போதும்; கண்ணுக்குக் கண் பவர் மாறுகிறவர்களுக்கு உதவாது. கம்பிக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும், கீழே பொடி எழுத்துப் பலகையும் இருந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் போட்டு, எழுத்தைப் பார்க்காமல் தன் கைரேகையைப் பார்த்தாள். அப்பாவின் பவர் அவளுக்கு மனப்பாடம். ஆறு எடுத்தாள்.

"எதுக்கும்மா ஆறு?"

"உங்கப்பா எங்க வெப்பாருன்னு தெரியாது. அறைக்கு ஒண்ணு இருக்கட்டும்."

வாழ்த்து அட்டை இன்னொரு நல்ல பேரம். மற்ற கடைகளில் ஒரு பிறந்தநாள் அட்டை ஐந்து ஆறு டாலர். ஒருமுறை படித்து மூலையில் போடப்போகிற காகிதத்துக்கு அவ்வளவு எதற்கு? பரிசுப் பைகள், பலூன், பிறந்தநாள் விழாவுக்கான தட்டும் டம்ளரும், பள்ளிக்கூடச் செய்முறைக்கு வேண்டிய அட்டைப்பலகை, போட்டோச் சட்டம், கண்ணாடிப் பூச்சாடி ஆகியவற்றில் டாலர் கடையை அடித்துக்கொள்ள முடியாது. ஒன்று கவனியுங்கள்: இவை எல்லாமே எண்ணி வாங்கும் பொருட்கள். ஒரு பூச்சாடி ஒரு பூச்சாடிதான்; அதை அரைப் பூச்சாடியாகச் சுருக்கி விற்க முடியாது. அளந்தும் நிறுத்தும் வாங்குகிற சரக்கில்தான் வித்தை நடக்கிறது. இங்கே பள்ளி ஆசிரியர்கள் ஆகஸ்ட் மாதம் வண்டி நிறைய வாங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைக்கு வேண்டியதைச் சொந்தக் காசில் வாங்குகிறவர்கள் அவர்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் ஒன்றேகால் டாலருக்குக் கிடைக்கும். பத்து டாலர் பட்டை தேடும் அதே ஹார்மோனைத்தான் இதுவும் தேடுகிறது. பிளாஸ்டிக் கைப்பிடியும் மின்னணுத் திரையும்தான் இல்லை.

பேட்டரிக் கட்டையில் மட்டும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அட்டையில் பெரிதாக 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருந்தால் உழைக்கும் சரக்கு என்று தோன்றும். உண்மையில் அது பழைய துத்தநாக-கார்பன் வகைக்கு வைத்த பெயர். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் தாராளமாகப் போதும். குழந்தையின் ஓடும் காருக்குப் போட்டால் சாயங்காலத்துக்குள் கார் நின்றுவிடும். 'அல்கலைன்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரப் பொருள் எதுவானாலும் வட்டத்துக்குள் 'யு.எல்.' என்ற முத்திரையைத் தேடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கு அது அடையாளம். முத்திரை இல்லாத கம்பியை நான் வாங்கமாட்டேன். ஒரு மலிவுக் கடையில் வாங்கிய செல்போன் சார்ஜர் கம்பி நாலாம் நாள் முனையில் கருகி, மெத்தை விரிப்பில் ஒரு பழுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனது. விரிப்பின் விலை இருபத்தெட்டு டாலர்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அம்மா இரவு விளக்கு இரண்டைக் கூடையில் போட்டிருந்தாள். நிலா வடிவம், அழகாகத்தான் இருந்தது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. மன்னார்குடியில் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் நிலா மறைந்துவிடும். எடுத்து வைத்துவிட்டோம்.

பேரம் தேடுகிறவர்களுக்கு உண்மையான புதையல் இருக்கிற இடம் வேறு. ஒரு கம்பெனி தன் அட்டையின் படத்தை மாற்றும். பழைய படம் போட்ட சரக்கு தேங்கும். இன்னொன்று ஒரு மணத்தை நிறுத்தும். பெரிய கடை ஒன்று ஆர்டரை ரத்து செய்யும். இந்த மாதிரித் தேங்கிய சரக்கையெல்லாம் மொத்தமாக அள்ளிவருவது இந்தக் கடைகளின் பழைய தொழில். அதனால்தான் சில நாள் எட்டு டாலர் புத்தகமும் ஆறு டாலர் பற்பசையும் ஒன்றேகாலுக்குக் கண்ணில் படும். அடுத்த வாரம் போனால் இருக்காது. நாளைக்கு வாங்கலாம் என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆனால் அதே பதைப்பில்தான் தேவையில்லாததையும் எடுத்துப் போடுகிறோம். என் வீட்டில் இன்றும் பிரிக்காத மூன்று வாத்து வடிவ சோப்புப் பெட்டிகள் இருக்கின்றன.

டாலர் ஜெனரலில் ஒரு வினோதம் உண்டு. இனி வராத பொருள் படிப்படியாக விலை இறங்கி, கடைசியில் கணினியில் ஒரு சென்ட் ஆகிவிடும். அந்த விலைக்கு விற்பது அவர்கள் நோக்கமில்லை. 'இதை அலமாரியிலிருந்து எடுத்துவிடு' என்று ஊழியருக்குப் போகும் சேதி அது. எடுக்க ஆள் இல்லாமல் சில பொருள் அங்கேயே தங்கிவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் பட்டியல் மாறும் என்று தெரிந்துகொண்டு, கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, கைபேசியால் பார்கோடைத் தடவித் தடவிப் பார்க்கிற கூட்டம் ஒன்று நாடு முழுக்க இருக்கிறது. கல்லாவில் நிற்பவர் சில கடைகளில் சிரித்துக்கொண்டே ஒரு சென்ட் வாங்கிக்கொள்வார். சில கடைகளில் பொருளைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார். அமெரிக்க அரசே ஒரு சென்ட் நாணயம் அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. இவர்களோ விடுவதாக இல்லை.

எடுக்க ஆள் இல்லை என்றேனே, அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். இத்தனை மலிவுக்கு ஒரு பெரிய காரணம் அது. இந்த மாதிரிக் கடைக்குள் போனால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். கல்லா, பெட்டி இறக்குவது, அடுக்குவது, கூட்டுவது எல்லாம் அவர்களே. நடைபாதையில் பெட்டிகள் குவிந்து கிடப்பதும் அவசர வழி அடைபட்டுக் கிடப்பதும் இதனால்தான். பணியிடப் பாதுகாப்பு மீறல்களுக்காக 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்ட டாலர் ஜெனரல் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆள் குறைந்தால் அலமாரியில் விலைச்சீட்டு மாற்றவும் நேரம் இருக்காது. சீட்டில் ஒரு விலை, கல்லாவில் அதைவிடக் கூடுதல் என்ற புகாரில் ஒஹாயோ மாநிலம் அதே நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, 2023-இல் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆகவே பில் போடும்போது பேச்சுக் கொடுக்காமல் திரையைப் பாருங்கள். விலை மாறியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். கார் வரைக்கும் வந்துவிட்டால் நாற்பது சென்ட்டுக்காக யாரும் திரும்பிப் போவதில்லை.

தின்பண்டத்திலும் மருந்திலும் எனக்குப் பேராசை கிடையாது. ஆர்கன்சா மாநிலத்தில் ஃபேமிலி டாலரின் கிடங்கு ஒன்றில் எலிகள் பெருகி, 2022-இல் 400-க்கும் மேற்பட்ட கடைகளைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. 2024-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் முதலானவை 4 கோடி டாலரைத் தாண்டின. குழந்தைகளுக்கான ஆப்பிள்-பட்டைக் கூழ் ஒன்றில் ஈயம் கலந்திருப்பது 2023-இல் தெரியவந்து, திரும்பப் பெறச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் பல கடைகளில் அலமாரியை விட்டு எடுக்கவில்லை என்று டாலர் ட்ரீக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கேயும் எடுக்க ஆள் இல்லாத கதைதான். உறை பிரியாத பிஸ்கட்டைத் தேதி பார்த்து வாங்குவேன். குழந்தை உணவு, மாத்திரை இரண்டையும் தொடமாட்டேன்.

இத்தனையும் பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் இருக்கிற எனக்குச் சொல்லத் தோதான யோசனை. டாலர் ஜெனரலின் கடைகளில் பெரும்பகுதி 20,000 பேருக்கும் குறைவான ஊர்களில் இருக்கிறது. அங்கே பல இடங்களில் அடுத்த மளிகைக் கடைக்கு அரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கார் இல்லாதவர் என்ன செய்வார்? கையில் இரண்டு டாலர் இருக்கும்போது நாலு டாலர் பாலை எப்படி வாங்குவார்? ஒன்றேகால் டாலர் டப்பாவைத்தான் எடுப்பார், கேலன் கணக்கில் பத்து டாலர் கொடுத்து. கணக்குத் தெரியாததால் அல்ல, அன்றைய கையிருப்பு அவ்வளவு. ஓக்லஹோமாவின் டல்சா நகரம் 2018-இல் வடக்குப் பகுதியில் ஒரு டாலர் கடைக்கு ஒரு மைலுக்குள் இன்னொன்று புதிதாக வரக்கூடாது என்று விதி போட்டது. அடுத்தடுத்து இவை முளைத்தால் காய்கறி விற்கும் கடை வரவே வராது என்பது அந்த மக்களின் வாதம். பிறகு வேறு பல ஊர்களும் அதே வழியில் போயின.

அன்றைக்கு எங்கள் பில் 27 டாலர் சொச்சம். கண்ணாடி ஆறு, பரிசுப் பை நாலு, வாழ்த்து அட்டை, பால்காரர் பேத்திக்கு ஒட்டுப்படங்கள், டீச்சருக்கு ஒரு கண்ணாடிச் சாடி. சாடியை மூன்று புடவைக்கு நடுவில் சுற்றி வைத்தும் பெட்டி விமானத்தின் 23 கிலோ வரம்பைத் தாண்டவில்லை.

போன வாரம் ஊருக்குப் போன் செய்தேன். பூஜை அறையில் ஒன்று, வாசல் ஜன்னலில் ஒன்று, டிவி மேல் ஒன்று, பாத்ரூம் மாடத்தில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று. ஆறாவதை இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.